முப்பத்தோராம் இலக்கப் பொம்மையின் நிறை

போன கிழமை தேவகி சைக்கிளில் வந்து இறங்கினாள். கல்லூரி ஆய்வுகூடத்தில் உதவியாளராக இருப்பவள். இருப்புப் புத்தகத்தின் ஒரு பக்கத்தை விரித்து என் முன்னால் வைத்தாள்.

"அக்கா, ஆர் இந்த யூசுப்? அவரின்ரை பேர் வாற நாலு இடத்திலையும் கீழை 'இது பிழை' எண்டு உங்கடை கையெழுத்திலை கிடக்கு. ஆள் களவெடுத்தவரோ இல்லையோ?"

"எடுக்கேல்லை."

"அப்ப முதல் ஏன் சந்தேகம் எண்டு எழுதினனீங்கள்?"

ஒரு பிளேன்டீ குடித்து முடிக்கும் நேரத்தில் சொல்லக்கூடிய பதில் அல்ல அது. அதனால்தான் எழுதுகிறேன். அந்தப் புத்தகமும் அதில் எழுதப்பட்ட பொருள்களும் இப்போது கல்லூரிக்குச் சொந்தம். அவற்றைப் பார்க்கப்போகிறவள் தேவகி. அவளுக்குத் தெரியவேண்டும்.

என்னை 'ரிற்றயர் பண்ணின அக்கா' என்று அவள் எல்லோரிடமும் சொல்லித் திரிகிறாள். எனக்கு முப்பத்திரண்டு வயது. ஆனால் பதினொரு வருடம் நான் பார்த்த வேலையில் எனக்கு மூத்தவர் என்று இந்தக் குடாநாட்டில் ஒருவரும் இல்லை. வேலை தந்தவர் காலமாகிவிட்டார், வேலை செய்த வீடு பூட்டிக் கிடக்கிறது. இதற்கு ஓய்வு என்பதைத் தவிர வேறு பெயர் எனக்கும் தெரியவில்லை.

பழைய பிளாஸ்டிக் விளையாட்டுப் பொருள்களைத் துப்புரவாக்கி, உடைந்ததை ஒட்டி, மேலும் கெடாமல் பேணுவது என் வேலை. முதல் நாள் வீட்டில் இதைச் சொன்னபோது, வலை பொத்திக்கொண்டிருந்த அப்பா நிமிர்ந்து பார்த்தார். "ஏ.எல். வரைக்கும் படிப்பிச்சது பொம்மையைக் குளிப்பாட்டவோடி?" என்று கேட்டார்.

மீன்பிடிக்காரர் வாழும் குருநகரில் எங்கள் வீட்டில் பெருவிரல் அடையாளம் வைக்காமல் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான். பல்கலைக்கழகத்துக்குச் சில புள்ளிகள் போதவில்லை. இரசாயனத்தில் நல்ல சித்தி. அந்தச் சான்றிதழைப் பொலித்தீன் உறையில் போட்டுக்கொண்டு எண்பத்து நான்காம் ஆண்டு வட்டுக்கோட்டைக்குப் போனேன். பங்குத்தந்தை சொல்லி அனுப்பிய இடம் அது.

இராசநாயகம் ஐயா மலாயா ரயில்வேயில் களஞ்சியக் காப்பாளராக இருந்து பென்சன் எடுத்து வந்தவர். பினாங்கிலும் சிங்கப்பூரிலும் வாங்கிய விளையாட்டுப் பொருள்களைத் தேயிலைப் பெட்டிகளில் அடைத்துக் கப்பலில் கொண்டுவந்திருந்தார். யப்பானில் செய்த செலுலோயிட் பொம்மைகள், மீன், வாத்து என ஒரு சில, ஹொங்கொங்கில் செய்த கார்கள், பஸ்கள், அமுக்கினால் கத்தும் மெதுப்பிளாஸ்டிக் வாத்துகள். எல்லாமாக இருநூறுக்குச் சற்று மேல். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. ஏன் சேர்த்தீர்கள் என்று ஒருமுறைதான் கேட்டேன்.

"மரச்சாமானும் பித்தளையும் எல்லாரும் சேர்ப்பினம். உது வந்த நாளிலை இருந்தே சனம் எறிஞ்சு கொண்டிருக்கு. எறியிற சாமானுக்குத்தான் காவல் வேணும், மிஸ் ஜசிந்தா."

என்னை 'மிஸ்' போட்டு அழைத்த முதல் ஆள் அவர். எனக்கு அது பிடித்திருந்தது. ஆனால் அந்த மரியாதைக்கு ஓர் அளவுகோல் இருந்தது. என்மேல் சந்தேகம் வந்தால் 'நீங்கள்' உடனே 'நீர்' ஆகிவிடும். சந்தேகம் தீர்ந்தால் மறுபடி 'நீங்கள்'. ஒரு நாளில் நான் எந்த இடத்தில் நிற்கிறேன் என்பதை அவர் வாயிலிருந்து வரும் முதல் சொல்லிலேயே அறிந்துகொள்வேன்.

அவருக்கு எல்லோர் மேலும் சந்தேகம். பொருள்கள் இருந்த அறையின் அலுமாரிக் கைபிடிகளில் மாலையில் நூல் சுற்றி, அரக்கு உருக்கி ஊற்றி, பழைய ரயில்வேச் சட்டைப் பொத்தானால் முத்திரை வைப்பார். காலையில் நான் வந்தபின் இருவருமாகப் பார்த்துத்தான் அதை உடைப்போம். வீட்டுக்குப் புறப்படும்போது என் பையைத் திறக்கச் சொல்லமாட்டார். வெளிவாசல் படலையடியில் நின்று பார்ப்பார். நானே திறந்து காட்டுவேன்.

தையிலும் ஆடியிலும் நிறுவை. கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் நகைத் தராசு ஒன்று வைத்திருந்தார். படிக்கற்களைக் கையால் தொடக்கூடாது, சாமணத்தால் எடுக்கவேண்டும். காற்று வராமல் யன்னலைச் சாத்தவேண்டும். முதலில் நான் வாசிப்பேன், அவர் எழுதுவார். பிறகு அவர் வாசிப்பார், நான் எழுதுவேன். இரண்டும் ஒத்தால்தான் இருப்புப் புத்தகத்தில் ஏறும். ஒரு காரின் சில்லையோ பொம்மையின் காலணியையோ எவராவது கழற்றினால் நிறை காட்டிக் கொடுத்துவிடும் என்பது அவர் கணக்கு.

"நிறை பொய் சொல்லாது. ஆக்கள்தான் சொல்லுவினம்."

வேலையை எனக்கு யாரும் கற்றுத்தரவில்லை. கொழும்பில் ஒரு நூதனசாலைக்கு எழுதிக் கேட்டதில் தட்டச்சு செய்த இரண்டு தாள் வந்தது. மிச்சத்தை உடைந்த துண்டுகளில் செய்து பழகினேன். முதலில் இனம் பிரிக்கவேண்டும். நகத்தால் தட்டினால் 'டிக்' என்பது கட்டிப்பிளாஸ்டிக். விரல் ஒட்டினால் மெதுப்பிளாஸ்டிக். பெருவிரலால் சூடேறத் தேய்த்து மணந்தால் இலேசாகக் கற்பூரம் மணப்பது செலுலோயிட், ஏனென்றால் அதைச் செய்யும்போதே கற்பூரம் சேர்க்கிறார்கள். கழுவுவதற்குக் கிணற்றுத் தண்ணீர் ஆகாது. எங்கள் கிணறுகளில் சுண்ணாம்பு, காய்ந்ததும் வெள்ளை படியும். மாரியில் மழைத் தண்ணீரைப் போத்தல்களில் பிடித்து வைத்து வருடம் முழுவதும் அதையே பாவித்தேன். குழந்தைச் சவர்க்காரம் ஒரு துளி, படம் கீறும் மெல்லிய தூரிகை, பஞ்சு. வெயில் கூடவே கூடாது.

இரண்டாம் வருடம் ஒரு சிவப்புக் கார் எனக்குச் சோதனையாக வந்தது. பழைய பெட்டி ஒன்றைத் திறந்தபோது அதன் கூரை உருகிக் குழிந்திருந்தது. குழிக்குள் ஒரு மெதுப்பிளாஸ்டிக் பொம்மையின் கை ஒட்டிக் கிடந்தது.

"விளக்குக் கொண்டுபோனீரோ?" என்றார் ஐயா.

'நீர்.'

"இல்லை ஐயா."

"அப்ப இஸ்திரிக்கைப் பெட்டி?"

"இல்லை."

"கார் தானாய் உருகினதோ?"

அவர் நக்கலாகக் கேட்டதை நான் கேள்வியாகவே எடுத்துக்கொண்டேன். உடைந்த கட்டிப்பிளாஸ்டிக் அடிமட்டம் ஒன்றின் மேல் ஒரு மெதுப்பிளாஸ்டிக் காலை வைத்து, இரண்டையும் அவருடைய மேசை லாச்சியிலேயே வைத்துப் பூட்டச் சொன்னேன். திறப்பு அவரிடம். மழைக்காலம் முடிவதற்குள் அடிமட்டத்தில் கால் பதிந்த பள்ளம் தெரிந்தது. மெதுப்பிளாஸ்டிக்கை மெதுவாக்கச் சேர்க்கும் எண்ணெய் வெளியே கசிந்து மற்றதைக் கரைத்திருந்தது. ஐயா உருப்பெருக்கிக் கண்ணாடியால் நெடுநேரம் பார்த்தார்.

"அப்ப நீங்கள் இல்லை" என்றார். புத்தகத்தில் 'காரணம்: பொருள்' என்று எழுதினார். அவ்வளவுதான். அன்று நான் சைக்கிள் ஓடியபோது காற்று எனக்காகவே அடித்தது போலிருந்தது. படித்தவளை ஒருவரும் சும்மா குற்றம் சொல்ல முடியாது என்று நினைத்தேன். மற்றவர்களைப் பற்றி நினைக்கவில்லை.

செலுலோயிட் உடைந்தால் ஒட்டுவதற்கு யூசுப் நானா வந்தார். பட்டினத்தில் முஸ்லிம்கள் வாழ்ந்த சோனகத் தெருப் பக்கம் மூக்குக்கண்ணாடி திருத்தும் சின்னக் கடை வைத்திருந்தவர். பழைய செலுலோயிட் சீப்பைச் சுரண்டி அசற்றோனில் கரைத்துப் பசை செய்வார். அதை மயிரளவு கம்பியில் தொட்டு வெடிப்புக்குள் விடுவார். பிறகு அந்த இடத்தைத் தேடினாலும் கிடைக்காது. புதன்கிழமைகளில், தட்டுத்தட்டாகப் பிரித்த மரப்பெட்டியைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வருவார். என்னைத் 'தங்கச்சி' என்பார். வாத்தின் சொண்டை ஒட்டிவிட்டு, "இனிக் கடியாது" என்று கையில் தருவார்.

அந்த வீட்டில் எங்கள் இரண்டு பேருக்கும் குசினிச் சுவரில் தனியாக ஓர் ஆணி. அதில் இரண்டு எனாமல் பேணிகள். ஒன்று குருநகராளுக்கு, ஒன்று சோனகருக்கு. அம்மா, அதாவது ஐயாவின் மனைவி, அவற்றில்தான் எங்களுக்குத் தேத்தண்ணி ஊற்றுவார். குடித்துவிட்டு நாங்களே கழுவி மாட்டவேண்டும்.

இந்திய ஆமி இருந்த காலத்தில் ஒரு புதன்கிழமை சோதனைக்கு வந்தார்கள். ஒரு சிப்பாய் முப்பத்தோராம் இலக்கத்தைத் தூக்கிக் குலுக்கினான். அது செலுலோயிட் சிறுமி, ஒரு முழ உயரம், சிவப்புச் சட்டையும் உடம்போடு சேர்ந்த வார்ப்பு, ஐயாவின் முதல் சம்பளத்தில் வாங்கியது. உள்ளே ஏதோ கலகலத்தது. சிப்பாய் கத்தியை எடுத்தான். பயத்தில் ஐயாவுக்கு இங்கிலீசும் வரவில்லை, மலாயும் வரவில்லை. யூசுப் நானா படம் பார்த்துப் பழகிய இந்தியில் நாலு சொல் சொல்லி, பொம்மையை வாங்கி, கையை இழுத்து, உள்ளே கைகளைப் பிணைத்திருந்த றப்பரை மெல்லக் கழற்றினார். தோள் துவாரத்தால் ஒரு கூழாங்கல் விழுந்தது. கிலுக்குச் சத்தத்துக்காகச் செய்தவர்கள் போட்டது. சிப்பாய் சிரித்துவிட்டுப் போனான். நானா கல்லைத் திரும்ப உள்ளே போட்டார்.

"போடாட்டில் ஐயாவின்ரை தராசு கத்தும்" என்றார் என்னிடம், குரலைத் தாழ்த்தி.

எண்பத்தொன்பதில் ஒரு தகரப் பெட்டியின் உட்புறம் துருப்பிடித்திருப்பதைக் கண்டேன். செலுலோயிட் பொருள்களை அதுவரை இறுக மூடிய பிஸ்கற் ரின்களில் வைத்திருந்தோம். கொழும்புத் தாளில் எச்சரிக்கை இருந்தது. செலுலோயிட்டிலிருந்து ஆவி கிளம்பும், அடைத்து வைத்தால் அந்த ஆவியே அதைக் கெடுக்கும், காற்றோட்டம் வேண்டும். அவற்றை மட்டைப் பெட்டிகளுக்கு மாற்றினேன். பின்னல் ஊசியால் ஒவ்வொரு பெட்டியிலும் வரிசையாகத் துளை போட்டேன். சரியான வேலை. இன்றைக்கும் அதைச் சரி என்றே சொல்வேன்.

அதற்கு அடுத்த தை நிறுவையில் முப்பத்தொன்று ஒரு கிராம் குறைந்தது. தூசி போயிருக்கும் என்றேன். ஆடியில் இன்னும் இரண்டு கிராம். இந்த முறை அது மட்டுமல்ல. ஒரு மீன், ஒரு வாத்து, குந்தியிருக்கும் குழந்தை ஒன்று. நான்கும் குறைந்திருந்தன.

ஐயா பேனையை வைத்தார். "ஆர்?"

நான் படித்தவள் செய்யும் முறையில் செய்தேன். குறைந்தவற்றை ஒரு நிரலில் எழுதினேன். அவற்றைத் தொட்டவர்களை எதிரே எழுதினேன். நான்கையும் யூசுப் நானா திருத்தியிருந்தார். அவர் தொடாத கார், பஸ், மெதுப்பிளாஸ்டிக் வாத்து எதுவும் குறையவில்லை. அதோடு யுத்தம் திரும்பத் தொடங்கி, பாதை மூடி, கொழும்பிலிருந்து ஒரு சாமானும் வராத காலம். கண்ணாடிச் சட்டம் ஒட்டுகிறவருக்குச் செலுலோயிட் வேண்டும். பொம்மையின் உட்புறத்தைச் சுரண்டினால் வெளியே தெரியாது. எல்லாம் பொருந்தியது. இவ்வளவு அழகாகப் பொருந்துவது சரியாகத்தான் இருக்கும் என்று நம்பினேன். நான்கு வரியிலும் 'யூசுப் திருத்தியபின் குறைவு, சந்தேகம்' என்று என் கையால் எழுதினேன்.

அடுத்த புதன் அவர் வந்து, தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்.

"பெட்டியைத் திறவும்" என்றார் ஐயா.

"ஏன் ஐயா, உங்கடை கண்ணாடி உடைஞ்சு போச்சோ?"

ஐயா என் பக்கம் திரும்பினார். "மிஸ் ஜசிந்தா, பாருங்கோ."

பார்த்தேன். ஒவ்வொரு தட்டாக எடுத்து வெளியே வைத்தேன். திருகாணிகள், பிணைச்சல்கள், அரைத்த கண்ணாடி வில்லைகள், அசற்றோன் போத்தல். அடித்தட்டில் ஒரு சின்ன ரின். அதற்குள் தோல் நிறத்தில் சுருள் சுருளாகச் செலுலோயிட் சுரண்டல்.

"இதென்ன?"

"சீப்பு, தங்கச்சி. எங்கட உம்மாட பழைய சீப்பு. பசைக்குச் சுரண்டினது."

"மிச்சச் சீப்பு எங்கை?"

"அது முடிஞ்சுது. மயிரும் முடிஞ்சுது, சீப்பும் முடிஞ்சுது" என்று தன் வழுக்கையைத் தடவினார். ஒருவரும் சிரிக்காததைக் கண்டபின்தான் அவருக்கு விளங்கியது. ஐயாவைப் பார்த்தார், பிறகு என்னை.

"நீங்கள் தொட்ட சாமான் மட்டும்தான் நிறை குறைஞ்சிருக்கு" என்றேன். "தொடாதது ஒண்டும் குறையேல்லை."

அவர் வெளியே கிடந்த தட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "நான் செலுலோயிட் மட்டும்தானே தொட்டனான், தங்கச்சி" என்றார்.

விடையை அவர் என் கையிலேயே வைத்தார். நான் அதைத் தப்பிக்கச் சொல்லும் சாட்டு என்று எடுத்தேன்.

ஐயா "இனி வரவேண்டாம்" என்றார். நான் எடுத்த ஒவ்வொன்றையும் அந்தந்தத் தட்டில் திரும்ப வைத்து மூடினேன். பழக்க தோசம், வேறொன்றுமில்லை. யூசுப் நானா மிச்சத் தேத்தண்ணியைக் குடித்து, பேணியைக் கழுவி, ஆணியில் மாட்டிவிட்டு, சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார். படலை வரைக்கும் ஏறவில்லை.

அந்த வருடம் மாரி தொடங்கும் நேரத்தில் முஸ்லிம் சனத்தை ஊரை விட்டுப் போகச் சொன்னார்கள். யார் சொன்னார்கள் என்று இங்கே எழுதமாட்டேன். வாசிப்பவர்களுக்குத் தெரியும், நான் என்ன எழுதுகிறேன் என்று பார்ப்பதற்காகவே வாசிப்பவர்களும் இருப்பார்கள். இரண்டு மூன்று மணித்தியால அவகாசம். கொண்டுபோனதையும் வழியில் சோதித்து எடுத்தார்கள். இரண்டு நாள் கழித்து அந்தத் தெருவால் சைக்கிளில் போனேன். கதவுகள் திறந்து கிடந்தன. நானாவின் கடை வாசலில் யாரோ மிதித்த கண்ணாடி வில்லைகள். என் சைக்கிள் சில்லும் ஒன்றில் ஏறி நொறுங்கியது.

ஐயாவிடம் சொன்னேன். அலுமாரிக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தார். "பாவம்" என்றார். அரக்கில் பொத்தானை அமுக்கினார். "ஆனால் பாருங்கோ, இனி நிறை குறையாது."

தை நிறுவையில் முப்பத்தொன்று மேலும் இரண்டு கிராம் குறைந்திருந்தது.

மூன்று முறை நிறுத்தோம். படிக்கற்களைத் துடைத்து நான்காவது முறை நிறுத்தோம். மீனும், வாத்தும், குழந்தையும் அப்படியே குறைந்திருந்தன. அரக்கு முத்திரை ஒருநாளும் உடைந்திருக்கவில்லை.

"திறப்பு என்னட்டை ஒண்டு, உம்மட்டை ஒண்டு" என்றார் ஐயா.

நான் சாமணத்தால் படிக்கற்களைத் திரும்ப அடுக்கினேன். பேசினால் நானாவின் குரலில்தான் பேசவேண்டியிருந்திருக்கும். அன்றிலிருந்து படலையடியில் அவர் என் பையைத் தானே திறந்து பார்த்தார். அம்மாவும் வாசலுக்கு வந்து நின்று பார்க்கத் தொடங்கினார். வேலையை விட்டிருக்கலாம். விட்டால் 'ஓடிவிட்டாள்' என்று அந்தப் புத்தகத்தில் என் பெயரும் ஏறும். கள்ளி என்ற பெயரோடு குருநகருக்குத் திரும்புவதற்கா நான் படித்தேன்? அப்பாவிடம் சொல்லவில்லை. பசியில்லை என்று மட்டும் சொன்னேன்.

பங்குனியில் ஒரு நாள் அலுமாரியைத் திறந்து செலுலோயிட் பெட்டிகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அம்மா அறை வாசலில் வந்து நின்றார். அந்த அறைக்குப் பக்கத்தில்தான் அவருடைய சாமியறை.

"பிள்ளை, உங்கை கற்பூரம் ஒளிச்சு வைச்சிருக்கிறியோ?"

"என்ன அம்மா?"

"மூக்கில்லையெண்டு நினைச்சியே? கடையிலை கற்பூரம் கண்டு எத்தினை மாசம். நான் சாமிக்கு வெறும் திரியைக் காட்டிக்கொண்டிருக்கிறன். நீ வேதக்காறி, உனக்கேன் கற்பூரம்? விக்கவோ?"

"நான் ஒண்டும் வைக்கேல்லை அம்மா."

"அப்ப மணக்கிறது என்ன, என்ரை தலையோ?"

நான் மூச்சை இழுத்தேன். அலுமாரி முழுவதும் கற்பூரம் மணத்தது. வருடக்கணக்காக மணந்ததுதான். சாமியறையிலிருந்து வருகிறது என்று இருந்துவிட்டேன். எங்கள் கத்தோலிக்க வீட்டில் கற்பூரம் கொளுத்துவதில்லை. கோயிலில் சாம்பிராணிதான். சைவ வீடு என்றால் இப்படித்தான் மணக்கும் என்று முதல் நாளே தீர்மானித்தவள், பிறகு அதைப் பற்றி யோசிக்கவே இல்லை.

கற்பூரம் திண்மத்திலிருந்து நேரே வாயுவாகும். பதங்கமாதல். எட்டாம் வகுப்புப் பாடம். சோதனையில் அந்தக் கேள்விக்கு முழுப் புள்ளி வாங்கியவள் நான். மணப்பது என்றால் போகிறது. போனால் நிறை குறையும். பிஸ்கற் ரின்னுக்குள் அடைத்து வைத்திருந்தவரை போக இடமில்லை. பின்னல் ஊசியால் அதற்கு வழி திறந்துவிட்டது நான். எங்களிடம் முழுதாக இருந்த செலுலோயிட் பொருள்கள் அந்த நான்கும்தான், நான்கும் எப்போதோ வெடித்து நானாவின் கைக்குப் போனவை. நானா தொட்டதால் குறையவில்லை. செலுலோயிட் என்பதால் குறைந்தது, செலுலோயிட் என்பதால்தான் அவர் தொட்டார்.

அம்மா இன்னும் நின்றுகொண்டிருந்தார். "என்னடி, அழுகிறாய்?" என்றார்.

ஐயாவிடம் வாயால் சொல்லி நம்பவைக்க முடியாது. ஒட்டமுடியாமல் உடைந்து ஒதுக்கிய வேறொரு செலுலோயிட் வாத்திலிருந்து ஒரே அளவான இரண்டு துண்டு எடுத்தோம். ஒன்றைப் போத்தலில் போட்டு மெழுகால் அடைத்தோம். மற்றதைத் துளை போட்ட பெட்டியில் வைத்தோம். இரண்டையும் அவருடைய லாச்சியில், அவருடைய முத்திரையோடு. ஆடியில் நிறுத்தோம். போத்தலில் இருந்தது குறையவில்லை. பெட்டியில் இருந்தது குறைந்திருந்தது. அவர் இரண்டையும் மாறி மாறி மணந்து பார்த்தார். பிறகு தராசின் கண்ணாடிக் கதவைச் சாத்தி, அதற்கு மேல் கையை வைத்தார்.

"நிறை பொய் சொல்லேல்லை" என்றார்.

"இல்லை ஐயா. நாங்கள்தான் சொன்னனாங்கள்."

அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. புத்தகத்தைத் தள்ளினார்.

"யூசுப் நானாவின்ரை பேரை வெட்டிவிடவோ ஐயா?"

"வெட்டப்படாது. வெட்டின வரியைப் பார்க்கிறவன் அதுக்குக் கீழை என்ன கிடந்ததெண்டு இன்னும் கூடச் சந்தேகப்படுவான். கீழை எழுதுங்கோ, பிழை எண்டு. ஆர் விட்ட பிழை எண்டும் எழுதுங்கோ."

நான்கு இடத்திலும் 'இது பிழை. ஜசிந்தா' என்று எழுதினேன். நான் எழுதி முடித்ததும் அவர் பேனையை வாங்கி, ஒவ்வொன்றின் ஓரத்திலும் தன் சுருக்கொப்பத்தைப் போட்டார். தேவகி அதைக் கவனித்திருக்க மாட்டாள், எழுத்து மிகச் சிறிது. அன்று மாலை படலையடிக்கு அவர் வரவில்லை. நானும் பையைத் திறக்கவில்லை.

புத்தளம் பக்கம் ஒரு கொட்டில் முகாமில் நானா இருப்பதாக அடுத்த வருடம் ஒரு வியாபாரி சொன்னார். பாதை மூடியதால் கிளாலிக் கடலால் படகில் போய்வருகிறவர். அவர் கையில் மூன்று பக்கக் கடிதம் கொடுத்தேன். கற்பூரம், பதங்கமாதல், மட்டைப் பெட்டி, துளை எல்லாவற்றையும் விளக்கியிருந்தேன். மன்னிப்பு என்ற சொல் மூன்றாம் பக்கத்தின் அடியில்தான் வந்தது. பதில் வர ஒரு வருடத்துக்கு மேல் சென்றது. அரைத் தாள்.

"தங்கச்சிக்கு, கடிதம் கிடைத்தது. கற்பூரக் கதை விளங்கியது. ஊரை விட்டு வந்த அன்றைக்கு வேறொரு ஆள் எனது பெட்டியைத் திறந்து பார்த்தார். அவர் எடுத்த ஒன்றையும் திருப்பி வைக்கவில்லை. நீங்கள் எல்லாவற்றையும் இருந்த இடத்தில் வைத்து மூடித் தந்தீர்கள். அதை யோசித்துப் பார்த்தேன். ஐயாவுக்குச் சலாம் சொல்லவும். முப்பத்தோராம் பொம்மையின் கை றப்பர் இப்போது தளர்ந்திருக்கும். மாற்றவும். இழுத்துக் கட்ட வேண்டாம், தோள் வெடிக்கும்."

மன்னித்தேன் என்று எங்கேயாவது எழுதியிருக்கிறாரா என்று பலமுறை தேடினேன். தாளின் பின்பக்கத்தையும் பார்த்தேன். இல்லை.

றப்பர் தளர்ந்துதான் இருந்தது. பழையதை வெட்டி எடுத்து, புதியதைத் தோள் துவாரத்தால் விட்டு, இழுக்காமல் கட்டினேன். கூழாங்கல்லைத் திரும்ப உள்ளே போட்டேன். ஐயா கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, என்னைச் சோதிக்காமல், பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தார். நிறுத்தபோது புது றப்பரின் பாரத்தால் அந்த ஒரு முறை மட்டும் நிறை கொஞ்சம் கூடியிருந்தது.

தேவகி, நீ கொண்டுவந்த பக்கத்தோடு நிறுத்தாமல் இன்னும் நாலைந்து பக்கம் புரட்டு. முப்பத்தோராம் இலக்கத்துக்கு எதிரே, குறிப்பு நிரலில் இப்படி இருக்கும்: 'கை றப்பர் மாற்றியது. யூசுப் சொன்னபடி.' அந்த வரிக்குக் கீழே ஒருவரும் ஒன்றும் எழுதவேண்டியதில்லை.